பால் பம்ப் வாங்கும் முன்: சேலம் வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பிரசவ விடுப்பு முடியப்போகிறது, பாலை நிறுத்த மனமில்லை, என்ன வாங்குவது? மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், இதை மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு, மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக வாங்கிவிடுகிறோம். எனவே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறேன் அக்கா. குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும். ஆன்லைனில் இரட்டை எலெக்ட்ரிக் பம்ப் 6,000 ரூபாய் போட்டிருக்கிறது. எங்கள் அண்ணி தன் பழைய பம்ப்பைத் தருகிறேன் என்கிறார். எது நல்லது?

அண்ணியின் பம்ப்பில் ஆரம்பிப்போம். அதன் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பம்ப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு ரப்பர் சவ்வு தடுப்பாக இருக்கும், பால் துளி பின்னால் போகாது. இன்னொன்றில் அந்தத் தடுப்பு இல்லை. பாலும் ஈரமும் குழாய் வழியாக மோட்டார் வரை போகலாம், உள்ளே பூஞ்சை பிடித்தாலும் யாருக்கும் தெரியாது, கழற்றிக் கழுவவும் வழியில்லை. இரண்டாவது வகை என்றால் எவ்வளவு பாசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் வகையாக இருந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு விற்கிற பம்ப் ஒரு தாய்க்கு என்றே செய்யப்பட்டது. பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவென்று தனியாகச் செய்த பெரிய பம்ப்பை ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். அது வேறு சாதி.

இனி 6,000 ரூபாய் விஷயம். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. இன்றைக்கே வாங்காதீர்கள் என்கிறேன். முதலில் கையால் பீச்சிப் பழகுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் ஐந்து நிமிடம் போட்டு, மெதுவாகத் தேய்த்துவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே இருக்கும்படி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் நாள் சில சொட்டுத்தான் வரும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அகலமான வாயுள்ள, கொதிக்க வைத்து ஆறிய எவர்சில்வர் டம்ளர் போதும். எத்தனையோ பெண்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. பம்ப் வாங்கினாலும் சார்ஜ் தீர்ந்துபோன நாளில் காப்பாற்றப்போவது இந்தக் கைதான்.

பம்ப்தான் வேண்டும் என்று முடிவானால் எத்தனை முறை எடுப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும், அதாவது மணிக்குச் சுமார் 30 மில்லி. போக வர நேரத்தோடு பத்து மணி நேரம் வெளியே இருந்தால் 300 மில்லி தேவை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்தால் கடையில் இரண்டு அல்லது மூன்று முறை. அவ்வளவுக்குக் கையால் அழுத்துகிற சாதாரண பம்ப்பே தாங்கும், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். இரட்டை எலெக்ட்ரிக் பம்ப்பின் லாபம் நேரம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எடுத்து 15 நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். பில்லிங் கவுன்டரில் உங்களுக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அந்த 6,000 நியாயம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் உறிஞ்சும் சக்தி எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வலிக்க வலிக்க இழுத்தால் பால் அதிகம் வராது, புண்தான் வரும். பார்க்க வேண்டியது மார்பில் வைக்கும் புனலின் அளவு. பெட்டியோடு பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் வரும். காம்பின் அடிப்பாகத்தை ஸ்கேலால் அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலான புனல் கிடைக்குமா என்று கேளுங்கள். அடுத்தது, பால் சொட்டும் இடத்தில் வாத்தின் அலகு மாதிரி ஒரு சிலிக்கோன் வால்வு இருக்கும். சில மாதங்களில் அது தளர்ந்துபோகும், இழுவை குறையும். பால் வற்றிவிட்டது என்று பயந்து பவுடர் டின்னுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். வற்றியது பால் அல்ல, வால்வு. அந்தச் சின்ன ரப்பர் தனியாகக் கிடைக்காத கம்பெனியின் பம்ப்பை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். மதியம் எடுக்கும் பாலை மாலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் கெட்டுவிடுமா? பள்ளியில் ஃபிரிட்ஜ் கிடையாது. கூலர் பை 1,500 ரூபாய் சொல்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு மலையில் ஒரு பதில், கீழே ஒரு பதில். எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது பொது விதி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் வருடத்தில் பல மாதம் இது சரியாகவே பொருந்தும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி வரும்போது உங்கள் பை வேறு ஊரில் இருக்கிறது. சித்திரை வெயிலில் சேலத்துக் கூடம் 25 டிகிரியா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் நடக்காது. அதனால் இணையத்தில் படித்த நாலு மணி நேரக் கணக்கைக் கீழே யாரும் நம்பக் கூடாது. எடுத்தவுடன் குளிரில் வைப்பதுதான் ஒரே கணக்கு.

நன்றாக உறைந்த ஐஸ் ஜெல் பொட்டலங்கள் பாட்டிலை ஒட்டி இருந்தால், கனமான பைக்குள் பால் 24 மணி நேரம் வரை தாங்கும். 1,500 ரூபாயில் பெரும்பகுதி பையின் படத்துக்கும் பேருக்கும் போகிறது. உங்களுக்கு வேண்டியது தடிமனான உள்பஞ்சு, முழுசாக மூடும் ஜிப், இரண்டு ஜெல் பொட்டலம். அகல வாய் வெற்றிட ஃபிளாஸ்க் வீட்டில் இருந்தால் அதுவும் போதும். காலையில் ஐஸ் கட்டி நிரப்பிக் கொண்டுபோங்கள், மதியம் உருகிய தண்ணீரை வடித்துவிட்டு, மூடி இறுக்கிய சின்ன பாட்டிலை மிச்ச ஐஸ் நடுவே புதைத்துவிடுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் பக்கம் வேண்டாம்.

வீட்டு ஃபிரிட்ஜில் நாலு நாள் வைக்கலாம். கதவில் வைக்காமல் உள்பக்கம் பின்னால் வைக்க வேண்டும். ஒரே கதவு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம், அதுவும் கரண்ட் ஒழுங்காக இருந்தால். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் என்றால் ஆறு மாதம். உருக்கிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது மனசு கனக்கும்தான். ஆடை தனியாக மிதந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்த பாலில் சோப்பு வாசம் அடித்தால் அது பாலில் இயற்கையாக உள்ள ஒரு நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. பெரும்பாலான குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடித்துவிடும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்குங்கள், மைக்ரோவேவும் வேண்டாம், அடுப்பில் நேராகவும் வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஒன்பதாம் நாள் எலெக்ட்ரிக் பம்ப் நின்றுவிட்டது. ஆன்லைன் விற்பனையாளர் ‘உடம்பில் படும் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார். அவ்வளவுதானா? (சூரமங்கலம் வாசகி)

இல்லை. மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. முன்னதற்குத்தான் அந்த விதி. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளும் பழுதான பொருளை விற்பனையாளர் மறுக்க முடியாது என்கின்றன.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. நான் செய்த தப்பு, போனில் சண்டை போட்டது. அரை மணி நேரம் கத்தினேன், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நீங்கள் எழுத்தில் போங்கள். சுவிட்ச் போட்டும் ஓடாத பம்ப்பை வீடியோ எடுங்கள், பில்லோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற சேலத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருடம். ஆனால் பால் கட்டிக்கொள்ள சில மணி நேரம் போதும், அதனால் வழக்கு நடக்கும்வரை கையால் பீச்சுவதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மதியச் சாப்பாட்டு நேரத்தில் பால் எடுத்துக்கொள் என்கிறார் மேலாளர். வேறு இடைவேளை கிடையாதாம். சட்டம் எதுவும் உண்டா?

உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் இருந்தது இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைக்கும் பொருந்தும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ என்றால் காப்பக வசதியும், தாய் நாலு முறை போய்ப் பார்த்துவர அனுமதியும் தர வேண்டும். சட்டப் பக்கத்தை முதல் நாளே மேசையில் போடாதீர்கள். ‘காலை பதினொன்றரைக்கும் மாலை நாலுக்கும் பதினைந்து நிமிடம், தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை’ என்று குறிப்பாக எழுதிக் கேளுங்கள். ஸ்டாக் ரூம் போதும், கழிப்பறை கூடாது. எழுதிக் கேட்டதை மறுக்க மேலாளர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் பால் பவுடர் டின் வாங்கினால் கிண்ணம் இலவசம் என்றார்கள். பால் பெருக்கும் பொடி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கலாமா?

அந்தக் கிண்ணம் சட்டவிரோதம். 1992-ம் ஆண்டுச் சட்டமும் 2003-ல் செய்த திருத்தமும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பால் பவுடர், உணவு, பால் புட்டி எதற்கும் விளம்பரமோ, இலவசமோ, தள்ளுபடியோ கூடாது என்கின்றன. டின்னில் குழந்தைப் படமே போடக் கூடாது. மூன்று வருடம் வரை சிறை என்று இருக்கிறது. பவுடர் விஷமில்லை, டாக்டர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். கிண்ணத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

பொடி விஷயம்: தண்ணீர்விட்டான் கிழங்கும் வெந்தயமும்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் பால் சுறாப் புட்டும் நம் வீட்டுச் சமையலறையில் மலிவாகவே கிடைக்கின்றன, தெம்புக்குச் சாப்பிடுங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். இரவில் ஒரு தரம் கூடக் கொடுத்தால் எந்தப் பொடியையும்விட அது வேலை செய்யும்.

கேள்வி: பேத்தியை நான்தான் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறேன். புட்டி வேண்டாம், பாலாடையில் புகட்டுகிறேன் என்றேன். மருமகள் வெள்ளிப் பாலாடை வாங்கலாம் என்கிறாள். எவர்சில்வர் போதாதா? (அம்மாபேட்டை)

போதும். பாலாடையில் புகட்டுவது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. காம்பும் புட்டியும் இடுக்கு இடுக்காகக் கழுவ வேண்டிய வேலை இல்லை, குழந்தையும் மார்பை மறக்காது. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடைக் கிண்ணத்தின் மூக்குப் பகுதியைக் கீழ் உதட்டில் சும்மா தொட்டுக்கொண்டிருங்கள், அவளே நக்கி எடுத்துக்கொள்வாள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும்.

வெள்ளிதான் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தால், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய், பூவேலைப்பாடு ஒன்றும் இல்லாத வழவழப்பான பாலாடையாகக் கேளுங்கள். வேலைப்பாட்டின் இடுக்கில்தான் பால் தங்கும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், கீறக் கூடாது. தங்கம்போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டு வாங்குங்கள், எடையும் தரமும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வரில் முடித்துக்கொண்டால் மிச்சப் பணத்தில் பேத்திக்கு ஒரு ஜோடிக் கொலுசு பார்த்துவிட்டு வரலாம். கடை அதே தெருவில்தான்.