உள்ளான்களைத் தேடி எந்த மாதம் போகலாம்?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கோடியக்கரை போனோம். பூநாரைகளைப் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் வரும் என்ற உள்ளான்கள்தான் (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவைகள்) கண்ணில் படவில்லை. தெரிந்த சிலவும் ஒரே சாம்பல் நிறம்; ஒன்றையும் பிரித்தறிய முடியவில்லை. எங்கே தவறினோம்?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: முதல் தவறு மாதம். சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரித்த கையோடு இவை கிளம்பிவிடும். ஆகஸ்டிலேயே இங்கு இறங்கத் தொடங்கும். கொசு உள்ளானின் நீளமே 13 செ.மீ. அளவுதான். அந்தக் குட்டைக் காலுக்கு ஒரு விரற்கடைத் தண்ணீரும் ஈரச் சேறும்தான் மேய்ச்சல் நிலம். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பினால் அது முழுகிவிடும். நெடுங்கால் பூநாரைக்குக் கவலையில்லை. அதனால் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள்.

அடையாளம் காணவும் அதுவே நல்ல பருவம். முதலில் வரும் வளைமூக்கு உள்ளான்களின் மார்பில் இனப்பெருக்கக் காலச் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். பின்னால் வரும் இளம் பறவைகளின் முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய விளிம்பு. மீன் செதில் அடுக்கியதுபோல் தெரியும். டிசம்பரில் எல்லாமே சாம்பலாகிவிடும். அப்போது பறக்கும்போது பாருங்கள்: வளைமூக்கு உள்ளானுக்கு வால்மேல்புறம் பளிச்சென்ற வெள்ளை, கொசு உள்ளானுக்கு நடுவில் கறுப்புக் கோடு ஓடும். பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். விரட்டிப் பறக்கவிடக் கூடாது. நெடும்பயணம் முடித்த பறவைக்கு ஒவ்வொரு நிமிட மேய்ச்சலும் முக்கியம்.

விடியலில் சூரியனை முதுகுக்குப் பின் வைத்து நில்லுங்கள். வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் ஆடும். டெலஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் கானல்தான் பெரிதாகும். 20 முதல் 30 மடங்கு போதும். கடற்காற்றில் ஸ்டாண்ட் நடுங்கினால் கால்களைத் தாழ்த்தி, நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் சிறு நிறக் கொடி மாட்டிய பறவையைப் பார்த்தால் எதைக் குறிப்பது?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, கொடியில் எழுத்து இருந்தால் அது, உலோக வளையம் எந்தக் காலில். இடது வலது பறவையின் கணக்கில். உங்கள் பக்கத்துக் கணக்கில் அல்ல. இங்கேதான் பலர் பிழை செய்கிறார்கள். பின்னோக்கி மடியும் அந்த மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். தேதி, இடத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். மங்கலான படமானாலும் சேர்த்து அனுப்புங்கள். நிற வரிசை அதிலும் தெரியும்.