பாம்பனில் இருந்தபடியே கொரிய மொழி கற்க முடியுமா?

கேள்வி: "ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர் எங்களுடையது. கொரிய மொழி கற்க ஆசை. முழுநேரமாக உட்கார்ந்து படிக்க வேண்டுமா, தொடர் பார்த்தாலே வந்துவிடுமா?"

தொடர் பார்த்தால் மட்டும் வராது. ஆனால் ஊரைவிட்டுப் போகாமலே படிக்க முடியும். நான் பாம்பனில் எங்கள் வீட்டில் இருந்தே 10 மாதம் படித்து, டோப்பிக் (TOPIK) எனும் கொரிய மொழித் திறன் தேர்வில், ஆறு நிலைகளில் 3-ஆம் நிலை வாங்கினேன். அதற்கு முன் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் சேர்ந்த பிறகுதான் வேலையை விட்டேன்.

கொரியப் பல்கலைக்கழகங்களின் மொழிப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு நிலைக்கு 10 வாரம், 200 மணி நேரம் என்று கணக்கு. அதாவது நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் 5 நாள். அதே கணக்கை நானும் வைத்துக்கொண்டேன். காலை 6 முதல் 8 வரை இலக்கணமும் எழுத்தும், 10 முதல் 12 வரை வாசிப்பும் கேட்டலும். வாரம் இரண்டு நாள் ஆன்லைனில் ஓர் ஆசிரியையிடம் பேச்சுப் பயிற்சி. எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். 1443-இல் மன்னர் செஜோங் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் இன்று அடிப்படை எழுத்துகள் 24-தான். அங்கும் உயிரும் மெய்யும் சேர்ந்துதான் ஓர் எழுத்தாகும்; அதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். நாலே நாளில் வாசிக்க வந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: கொரிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். முதல் இரண்டு மாதம் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மிகவும் கஷ்டப்பட்டேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தலைகீழாக்கி, மறுபடி நிமிர்த்த வேண்டியிருந்தது. ஒரு நாள் "மொகொ பொசேயோ" என்ற சொற்றொடருக்கு அந்தப் புத்தகத்தில் அரைப்பக்கம் விளக்கம். மொகொ என்றால் சாப்பிட்டு, பொசேயோ என்றால் பாருங்கள். அவ்வளவுதான், "சாப்பிட்டுப் பாருங்கள்"! நாம் தினமும் சொல்வது. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நோட்டுப் போட்டேன். "மொகொ பொர்யொஸ்ஸொயோ" என்றால் "சாப்பிட்டுவிட்டேன்". நம் 'விடு' நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'எறிந்துவிடு' என்ற வினை நிற்கிறது. "ஒந்தேயோ" என்றால் "வருகிறாராம்". அந்த 'ஆம்' ஆங்கிலத்தில் கிடையாது, கொரிய மொழியில் இருக்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், வினை கடைசியில் வரும். படர்க்கை, தன்மை என்று வினை மாறாது என்பதால் நம் மொழியைவிட அது எளிதுகூட.

ஒலியும் அப்படித்தான். இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் "கொகி"யில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. முதலில் வல்லோசை, நடுவில் மெல்லோசை. 'காகம்' என்று நாம் வாசிப்பது போலத்தான். "பாப் மொகொ" (சோறு சாப்பிடு) சேர்ந்தால் "பாம் மொகொ" என்று ஒலிக்கும். பல் + முகம் பன்முகம் ஆகிறதே, அந்தப் புணர்ச்சிக்குப் பழகிய காதுக்கு இது புதிதில்லை. இதை வைத்துத் தமிழும் கொரியமும் ஒரே மொழிக்குடும்பம் என்று சொல்லிவிடக் கூடாது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, வாக்கியம் அமையும் விதம் ஒன்றாக இருப்பதே படிக்கிறவருக்குப் பெரிய உதவி.

சமையலில்தான் வினைச்சொற்கள் மனதில் நின்றன. கொரியச் சமையல் வீடியோவைப் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நானும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்வேன். "முச்சிதா" என்றால் மசாலாவைக் கையால் பிசறுவது. "ஜொரிதா" என்றால் குழம்பைச் சுண்ட வைப்பது. "ஜொரிதா" வந்தபோது கையில் கரண்டியும் எதிரே வாளை மீன் குழம்பும் இருந்தன. இனி எப்படி மறக்கும்? அந்த வாளைக்கு அங்கே "கல்ச்சி" என்று பெயர்; 'கல்' கத்திக்கான பழைய சொல். நாம் அதே மீனில் வாளைப் பார்த்திருக்கிறோம். சூப்புக்கு அவர்கள் போடுவது நெத்திலிக் கருவாடு, தலையும் குடலும் கிள்ளிவிட்டு. கிம்ச்சி ஊறுகாய்க்கு அவர்களுடைய மிளகாய்த்தூள் கிடைக்காதபோது நம் முண்டு மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாக இடித்துப் போட்டேன். காரம் அதிகம், அளவைக் குறைக்க வேண்டும்.

அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். சென்னையில் வாங்கி வந்த காய்ந்த "மியொக்" பாசியை ஊற வைத்தபோது, அது விரிவதைப் பார்த்து, "இது நம்ம கட்டக்கோரை சாதிதானத்தா, இதையா சாப்பிடுறாக?" என்றார். இரண்டும் பழுப்புப் பாசிதான். கொரியாவில் பிள்ளை பெற்ற தாய்க்கு இந்தச் சூப்பைத்தான் கொடுப்பார்கள், பிறந்தநாளிலும் குடிப்பார்கள் என்றேன். ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கி வேலை செய்யும் ஹேன்யோ பெண்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது என்றும் சொன்னேன். அம்மா அந்தப் பெண்களின் வீடியோவை மூன்று முறை பார்த்தார். அவர்கள் மேலே வந்து மூச்சு விடும் சீழ்க்கை ஒலி வந்ததும், "அது எனக்கும் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு வீடியோவில் வரும் சொற்களை அம்மாவும் கேட்க ஆரம்பித்தார்.

தொடர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதுயுகம் டிவியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. ஆனால் தொடரில் நண்பர்களும் காதலர்களும்தான் அதிகம் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஆசிரியையிடம் "அராஸ்ஸொ" என்று சொல்லிவிட்டேன். பெரியவரிடம் "சரிடா" என்பது போல அது. அவர் சட்டென்று அமைதியானார். "அல்கெஸ்ஸும்னிதா" என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினார். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றுதான். அதனால் ஒரு காட்சியைப் பார்த்ததும் நிறுத்தி, யார் யாரிடம் பேசுகிறார், தமிழில் இங்கே 'வா'வா, 'வாங்க'வா என்று எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடக் காட்சி போதும். சரித்திரத் தொடர்களை ஆரம்பத்தில் தொட வேண்டாம், அந்த அரண்மனைப் பேச்சு இன்று யாரும் பேசுவதில்லை.

டோப்பிக் தேர்வில் முதல் தாள் 1, 2 நிலைகளுக்கு, இரண்டாம் தாள் 3 முதல் 6 வரை. முதல் தாளில் கேட்டலும் வாசிப்பும் மட்டும். 200-க்கு 80 எடுத்தால் 1-ஆம் நிலை, 140 எடுத்தால் 2. இரண்டாம் தாளில் எழுத்தும் உண்டு. 300-க்கு 120 எடுத்தால் 3-ஆம் நிலை. நேரடி வகுப்பு வேண்டுமென்றால் சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையத்தில் இருக்கிறது.

தேர்வுக்காகச் சென்னை ரயில் ஏறிய அன்று மாலை அம்மா மியொக் சூப் வைத்திருந்தார். கொரியாவில் தேர்வுக்கு முன் அதைத் தவிர்ப்பார்கள். பாசி வழுக்கும் என்பதால் "மியொக் சூப் குடித்தான்" என்றாலே தேர்வில் தோற்றான் என்று பொருள். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டி, "மொகொ பொசேயோ" என்றார். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.