கழுத்து இறுக்கத்துக்கும் முழங்கால் வலிக்கும் எந்த மசாஜ்?

கேள்வி: எனக்கு 38 வயது. நாள் முழுக்கக் கணினி முன் வேலை. பின்கழுத்தும் வலது தோளும் கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய் மசாஜ், கிழி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எது சரி? அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் தேய்மானமும் சர்க்கரையும் உண்டு. அவருக்கும் மசாஜ் செய்யலாமா?

பதில்: இருவருக்கும் செய்யலாம். ஆனால் ஒரே மாதிரி அல்ல.

முதலில் உங்கள் கழுத்து. திரையைப் பார்த்துத் தலை முன்னால் நீளும்போது, அதை விழாமல் இழுத்துப் பிடிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு தசைகள். ஒன்று, கழுத்திலிருந்து தோள்முனை வரை விரியும் ட்ரபீசியஸ். மற்றது, கழுத்தெலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்மூலைக்கு இறங்கும் லிவேட்டர் ஸ்காபுலே. ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் இந்தத் தசைகளில் பட்டாணி அளவு முடிச்சுகள் தட்டுப்படும். தோளில் உள்ள முடிச்சை அழுத்தினால் நெற்றிப்பொட்டு வரை வலி ஓடுவதும் உண்டு. தலைவலி என்று பலர் மாத்திரை போடுவது இதற்குத்தான்.

ஸ்வீடிஷ் முறையில் வருடல், பிசைதல், தேய்த்தல், தட்டல், அதிர்வு என ஐந்து வகைக் கையசைவுகள். எண்ணெய் தடவி, மிதமான அழுத்தத்தில் செய்வார்கள். இறுக்கம் தளரவும் தூக்கம் வரவும் இது நல்லது. முதல் இரண்டு தடவை இதையே கேளுங்கள். அதன்பின் முடிச்சுகளுக்கு டீப் டிஷ்யூ. இந்தப் பெயரைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பலமாக அமுக்குவது டீப் டிஷ்யூ ஆகாது. மேல்தசை தளர்ந்த பிறகு மெதுவாக உள்ளே இறங்கி, ஒரே இடத்தில் 30 முதல் 60 விநாடி நிற்பதுதான் அது. எடுத்த எடுப்பில் முழங்கையை ஊன்றினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், மறுநாள் கன்றிப்போகும். வலியை 10-க்கு அளந்தால் 6-ஐத் தாண்டக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்குகிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம், உடனே சொல்லிவிடுங்கள். லேசான உடல்வலி ஓரிரு நாள் இருக்கலாம். அதற்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

எத்தனை முறை? நாள்பட்ட கழுத்துவலிக்கு மசாஜின் அளவை ஒப்பிட்டு, அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வில், வாரம் 2 அல்லது 3 முறை, 60 நிமிடம் வீதம், 4 வாரம் செய்தவர்களுக்கே தெளிவான பலன் தெரிந்தது. 30 நிமிட அமர்வுகள் பெரிதாக உதவவில்லை. மாதம் ஒருமுறை போய்வருவது மனதுக்கு இதம், வலிக்கு மருந்தாகாது.

தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது. உடுப்போடு தரைமெத்தையில் படுக்கவைத்து அழுத்துவதும் கைகால்களை இழுத்து வளைப்பதும்தான் அது. இடுப்பும் தொடையும் விறைத்தவர்களுக்கு ஏற்றது. உங்களுக்குக் கழுத்துதான் பிரச்சினை என்பதால், கழுத்தைத் திருப்பும் பகுதி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதையும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்தத் திருப்பத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உள்ளிட்ட ஒன்பது வகை அதில் உண்டு. பயிற்சி பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் செய்துகொண்டால், மேலே சொன்ன பிசைதலும் முடிச்சழுத்தமும் இதிலேயே கிடைத்துவிடும். கிழி என்பது நொச்சி, ஆமணக்கு போன்ற இலைகளை வதக்கியோ மருந்துப்பொடியை வைத்தோ துணியில் முடிந்து, சூடாக ஒற்றுவது. அசைத்தால்தான் சரியாகும் என்று தோன்றும் விறைப்புக்கு அந்தச் சூடு நன்றாக வேலை செய்யும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் 2 நாள் சூடும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்ய: நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகுச்சாய்வில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் வெந்நீர் ஒற்றடம். பிறகு 2 டீஸ்பூன் வெதுவெதுப்பான நல்லெண்ணெய். பிடித்துவிடுபவர் கழுத்திலிருந்து தோளுக்கு 10 முறை உருவிவிட்டு, தோள்தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்துச் சப்பாத்தி மாவு போலப் பிசையட்டும். முடிச்சு கிடைத்தால் அங்கே நிற்கட்டும். முதுகெலும்பின் மேலும் தொண்டைப் பக்கமும் கை போகக் கூடாது. ஆளில்லாத நாளில் டென்னிஸ் பந்தைக் காலுறைக்குள் போட்டு, சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவே வைத்துச் சாய்ந்தாலே போதும்.

இனி அம்மா. மசாஜ் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. ஆனால் முழங்கால் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை, 60 நிமிடம் வீதம், 8 வாரம் ஸ்வீடிஷ் மசாஜ் செய்து பார்த்த ஆய்வில் வலியும் விறைப்பும் குறைந்தன. மூட்டையே தேய்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூட்டுக்குப் பலம் தருவது முன்தொடைத் தசை. பாதி நேரம் அதற்கே போக வேண்டும். பிறகு கெண்டைக்காலை மென்மையாக மேல்நோக்கி உருவிவிட்டு, முழங்கால் சிப்பியைச் சுற்றிக் கட்டைவிரலால் சிறு வட்டங்கள் போடலாம். முழங்காலின் பின்குழியில் ரத்தக்குழாயும் நரம்பும் மேலாகவே ஓடுவதால் அங்கே அழுத்தக் கூடாது.

சர்க்கரை இருப்பதால் கூடுதல் கவனம் தேவை. பாதத்தில் மதமதப்பு இருந்தால் சூடு தெரியாது, கிழி கொப்புளமாக்கிவிடும். சூட்டை உங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே அவருக்கு ஒற்றுங்கள். மதமதத்த பாதத்துக்குச் சூடே வேண்டாம். தொடையில் இன்சுலின் போடுகிறார் என்றால் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென இறங்கலாம். முடிந்ததும் பாதத்து எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

ஒரு காலின் கெண்டைப்பகுதி மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் கையே வைக்க வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், தோல்புண், எலும்பு முறிவு இருந்தாலும் மசாஜைத் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆழமாக அழுத்தவிடக் கூடாது. உங்களுக்குக் கைவிரல் மரத்துப்போனாலோ பிடிமானம் குறைந்தாலோ நரம்பு நசுங்கியிருக்கலாம். மசாஜுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் மேசை: திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும், 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னோக்கி 10 தடவை சுழற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் 4 வாரத்தில் தளர்ந்த தசை அடுத்த மாதமே மறுபடி இறுகிவிடும்.