அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரி அத்துமீறினால் அவர் மீது வழக்குப் போட முடியுமா?

போடலாம், ஆனால் ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். உள்ளூர் போலீஸ்காரர் உரிமையை மீறினால், 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரிடமே நஷ்டஈடு கேட்கலாம். குடியேற்ற அதிகாரி மத்திய அரசு ஊழியர். அந்தச் சட்டம் அவரைத் தொடாது. 1971-இல் உச்ச நீதிமன்றம், மத்திய அதிகாரியிடமும் நஷ்டஈடு கேட்க ஒரு வழி திறந்தது. அப்புறம் அதையே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டது.

2010-இல் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மண்ணில் இருந்த 15 வயதுப் பையனை, அமெரிக்க எல்லை நகரமான எல் பாசோ பக்கம் நின்ற அமெரிக்க எல்லைக் காவலர் சுட்டுக் கொன்றார். பெற்றோர் வருஷக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் கதவு மூடியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு சாட்சி விசாரணைகூடக் கிடைக்கவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1871 சட்டத்தில் மத்திய அதிகாரிகளையும் சேர்க்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் இருக்கிறது.