ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பு செல்களின் ஆயுளும்: மரபணுப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 54. முடக்குவாதத்துக்காக ஓராண்டாகத் தினமும் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) மைனஸ் 1.8 என்று வந்திருக்கிறது. எலும்பு செல்களைச் சாகாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற மரபணுவைப் பற்றிப் படித்தேன். அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? அதைத் தூண்டும் மருந்து உண்டா?

பதில்: அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை, அதன் முடிவு எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆனால் அந்த மரபணுவைப் புரிந்துகொண்டால், உங்கள் எலும்புக்கு என்ன நேர்கிறது என்பது தெளிவாகும்.

பிசிஎல்-2 புரதம் செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு துளைபடாமல் தடுத்து, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைத் தள்ளிப்போடுகிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில், எலும்பு நீளமாக வளரும் நுனிப்பகுதியான வளர்ச்சித் தட்டின் குருத்தெலும்பு செல்கள் உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுவதால், கைகால் எலும்புகள் குட்டையாகின்றன. வளர்ந்தவர்களின் எலும்பிலோ, பழைய எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஏறத்தாழ இரண்டு வாரமும், புதிய எலும்பைப் படியவைக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் சுமார் மூன்று மாதமும் வாழ்கின்றன. எலும்புக்குள் புதைந்து அதன் நலத்தைக் கண்காணிக்கும் ஆஸ்டியோசைட்கள் பல்லாண்டுகள் வாழக்கூடியவை. இவற்றில் எது எவ்வளவு காலம் வாழ்கிறது என்பதே எலும்பு கூடுமா குறையுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஸ்டீராய்டு கெடுப்பது இந்தக் கணக்கைத்தான். எலிகளிலும் நோயாளிகளின் எலும்பிலும் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு, ஸ்டீராய்டு ஆஸ்டியோபிளாஸ்ட்களையும் ஆஸ்டியோசைட்களையும் அகால மரணத்துக்குத் தள்ளுவதைக் காட்டியது. டெக்சா ஸ்கேன் தாது அடர்த்தியை அளக்குமே தவிர, இறந்த ஆஸ்டியோசைட்களைக் காட்டாது. ஆகவேதான் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, அடர்த்தி அவ்வளவாகக் குறையாத நிலையிலும் எலும்பு முறிகிறது, மைனஸ் 1.8 என்பதை ‘லேசான குறைவு’ என்று விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிசிஎல்-2-ஐ உடல் முழுவதும் தூண்டும் மருந்தை நான் விரும்பவே மாட்டேன். இந்த மரபணு 1980-களில் அடையாளம் காணப்பட்டதே ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில்தான். சாக வேண்டிய செல் சாகாமலிருப்பது அங்கே நோயாகிறது. எலும்பிலும் ஆஸ்டியோகிளாஸ்ட்களின் ஆயுள் நீண்டால் அரிப்புதான் கூடும். எந்தச் செல்லின் ஆயுளை நீட்டுகிறோம் என்பதே முக்கியம்.

அந்த வேலையைச் செய்யும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. அலெண்ட்ரோனேட் ஆஸ்டியோகிளாஸ்ட்களை முடக்கி, அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. தினமும் ஊசியாகப் போடும், பாராதைராய்டு ஹார்மோன் வகையைச் சேர்ந்த டெரிபாரடைட் ஆஸ்டியோபிளாஸ்ட்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. இதே வகை ஹார்மோன் ஊசி அந்தச் செல்களின் ஆயுளை நீட்டுவதும், அதில் பிசிஎல்-2-க்குப் பங்கிருப்பதும் ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஃபிராக்ஸ் என்ற கணக்கீட்டு முறையில் உங்கள் எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட்டு, எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். அலெண்ட்ரோனேட் தரப்பட்டால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்; ஏதாவது சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டு எடுத்தபின் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்கான மற்ற மருந்துகளைச் சரிசெய்து இந்த அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்திருந்தாலோ, புதிதாக முதுகுவலி வந்திருந்தாலோ, அடுத்த ஸ்கேன் வரை காத்திராமல் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.