பொண்ணு ஓவியத்துல அரசியல் தேடுறான்னு பயப்படுற அப்பாவுக்கு

வணக்கம் சார், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஆர்ட் ஹிஸ்டரிதான் படிப்பேன்னு நிக்கிறா, இம்ப்ரெஷனிஸ்ட் (19ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் குழு) ஓவியங்களும் அரசியலும்னு கட்டுரை வேற எழுதுறா, குளமும் பூவும் வரைஞ்சவங்ககிட்ட என்ன அரசியல், டாபிக்கை மாத்தச் சொல்லட்டுமான்னு கேட்டிருந்தீங்க. மாத்தச் சொல்லாதீங்க சார், அவ சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கா.

1870ல பிரான்ஸுக்கும் ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் போர், அதுல இந்த ஓவியர்களோட கூட்டாளி பஸீல் செத்துட்டார், மோனேவும் பிஸாரோவும் லண்டன் போயிட்டாங்க. 1871ல பாரிஸ் கம்யூன், அதாவது பாரிஸ் மக்கள் எழுச்சி, அதை அரசாங்கமே ரத்தத்துல அடக்குச்சு. மூத்த ஓவியர் கூர்பேவை ஜெயில்ல போட்டாங்க, கம்யூன் சமயத்துல இடிச்ச வாந்தோம் நினைவுத் தூணைத் திரும்பக் கட்டுற செலவு மூணு லட்சம் ஃபிராங்குக்கு மேல அவர் தலையிலயே விழுந்துச்சு. கம்யூனை அடக்கி மூணு வருஷம்கூட ஆகாதப்ப, 1874 ஏப்ரல்ல, அரசு நடத்துற சலோன் கண்காட்சியோட ஜூரியே வேணாம்னு இவங்க தனியா கண்காட்சி வைக்கிறாங்க. அதுவே ஒரு நிலைப்பாடுதானே?

இன்னொண்ணு, இதை வீட்ல பொண்ணோட உக்காந்து நெட்லயே பாருங்க. 1878 ஜூன் 30, பாரிஸ்ல அரசு விழா, ஊரெல்லாம் கொடி. மோனே மாடியில இருந்து மோந்தோர்கேய் தெருவை வரைஞ்சார், படம் முழுக்க கொடியும் கூட்டமும்தான். மானே (இவர் வேற ஆள், அந்தக் கண்காட்சிகள்ல சேரவே இல்ல, ஆனா நெருக்கமானவர்) அதே நாள் கொடிகளை வேற தெருவுல வரைஞ்சார், அதுல ஒரு கால் இல்லாத ஒருத்தர் ஊன்றுகோலோட நடந்து போறார். விழா ஒண்ணு, ஒருத்தர் கண்ணுக்குக் கொண்டாட்டம் தெரியுது, இன்னொருத்தர் அதுக்குள்ள போரோட மிச்சத்தையும் பாக்குறார், இல்லையா? 1890கள்ல டிரேஃபஸ் வழக்கு (யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் மேல பொய்யா தேசத்துரோகக் குற்றம் சாட்டின வழக்கு) வந்தப்ப பிரிவு வெளிப்படையாவே வந்துடுச்சு, மோனேவும் பிஸாரோவும் டிரேஃபஸ் பக்கம், தெகாவும் ரெனுவாரும் எதிர்ப்பக்கம்.

படத்துல என்ன இருக்கு, என்ன இல்ல, ஏன்னு கேக்குறதுதான் சார் இந்தப் படிப்பே. மியூசியம் கியூரேட்டர், கேலரி, ஏல நிறுவனம், எல்லா இடத்துலயும் இதைத் தெளிவா எழுதத் தெரிஞ்சவங்கதான் வேணும்.

வேலை குறைவு, ஆரம்பச் சம்பளமும் கம்மி, அதை மறைக்க விரும்பல. அதனால பரோடா எம்.எஸ். யுனிவர்சிட்டி, சாந்திநிகேதன் கலா பவன் ரெண்டையும் பாருங்க, கிடைக்கலைன்னா இங்கயே பி.ஏ. ஹிஸ்டரி சேர்த்துட்டு எம்.ஏ.வுக்கு ஆர்ட் ஹிஸ்டரி பக்கம் போகலாம். டீச்சிங் ஆசை இருந்தா விஷுவல் ஆர்ட்ல யூஜிசி நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம். ஃபிரெஞ்ச் மட்டும் தள்ளிப் போடாதீங்க, சென்னை அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல அடுத்த பேட்ச் எப்பன்னு இந்த வாரமே விசாரிங்க, அந்தக் கட்டுரை முடிஞ்சதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க, அட்மிஷனுக்கு வைக்கிற மாதிரி சேர்ந்து சரி பண்ணிடலாம்.