மாங்காய் பிடித்த கைகள்: முன்னாள் கோல்கீப்பர் பதில்கள்

*போன மாதம் கிருஷ்ணகிரியில் நான் சிறுவர்களுக்கு நடத்திய பயிற்சி முகாமுக்குப் பிறகு வந்த கடிதம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.*

பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் என் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போய் கோலாகிவிட்டது. 1-0 என்று தோற்றோம். சாதாரணப் பந்துதான். யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் யாரும் என்னோடு பேசவும் இல்லை. விளையாட்டை விட்டுவிடலாமா?
*பத்தாம் வகுப்பு மாணவன், காவேரிப்பட்டணம்*

தம்பி, முதலில் பந்தைப் பற்றிச் சொல்கிறேன், மனதைப் பற்றி அப்புறம். மெதுவாக உருண்டு வரும் பந்து கோல்கீப்பருக்கு ஆபத்தான பந்து. நேராக நம்மிடம் வருவதால் குனிந்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். அடுத்து யாருக்கு எறிவது என்று கண் தேடப் போய்விடும். நம் பக்கத்து மைதானங்களில் புல் ஏது? செம்மண்ணும் சரளையும்தான். ஒரு கல்லில் பட்டால் பந்து அரை அடி விலகும். அதனால்தான் ஒரு முழங்காலை மடித்து மற்றக் காலின் குதிகாலை ஒட்டிக் கொண்டுவரச் சொல்கிறோம். கை தவறினாலும் பின்னால் கால் இருக்கும். நாளைக் காலை ஒரு நண்பனை அழைத்துப் போய் ஐம்பது பந்து உருட்டச் சொல். ஐம்பதுக்கும் முழங்காலை மடி.

இப்போது என் கதை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சென்னையில் ஓர் அரசுத் துறை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து. "என் பந்து" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஈரப் பந்து விரல்நுனியில் வழுக்கிப் பின்னால் நின்ற எதிரணிக்காரன் தலைக்குப் போய் கோலாகிவிட்டது. அன்றிரவே பாரிமுனையில் பஸ் ஏறி விடியற்காலையில் கிருஷ்ணகிரியில் இறங்கினேன். அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டார். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. மூன்று நாள் மாந்தோப்பிலேயே கிடந்தேன். நான்காம் நாள் பயிற்சியாளர் எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு போன் செய்து, "நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இரு" என்று மட்டும் சொன்னார். போனேன். ஒரு வாளித் தண்ணீரில் பந்துகளை முக்கி எடுத்து அறுபது கார்னர் அடிக்க வைத்தார். அந்த கோலைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடுத்த ஆட்டத்தின் பட்டியலில் என் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார்.

எனக்குக் கிடைத்தது பிரேசில் கோல்கீப்பர் மோசிர் பார்போசாவுக்குக் கிடைக்கவில்லை. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், மரக்கானா மைதானம். டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. உருகுவேயின் கிஜியா வலது ஓரத்தில் ஓடி வந்தார். அதே இடத்திலிருந்து அவர் கொடுத்த பந்தில்தான் உருகுவேயின் முதல் கோல் விழுந்திருந்தது. இம்முறையும் நடுவில்தான் கொடுப்பார் என்று பார்போசா கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார். கிஜியா அந்த ஓரடி இடைவெளியில் அடித்தார். பார்போசா நினைத்தது தவறே அல்ல. நானும் அப்படித்தான் நகர்ந்திருப்பேன். ஆனால் 2000இல் இறக்கும்வரை அவர் நாடு அந்த கோலையே அவர் முகத்தில் பார்த்தது. பிரேசிலில் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே முப்பது ஆண்டுதான், செய்யாத குற்றத்துக்குத் தான் ஐம்பது ஆண்டாகத் தண்டனை அனுபவிப்பதாக அவர் கடைசிக் காலத்தில் சொன்னார். இதைப் படிக்கும் உன் அணிப் பிள்ளைகளும் உன் பள்ளி ஆசிரியர்களும் அதைத் தயவுசெய்து இரண்டாம் முறை படிக்க வேண்டும்.

நீ விடக் கூடாது. நாளை நீயே போய் அவர்களிடம் பேச்சைத் தொடங்கு. என்ன பேசுவதென்று தெரியாமல் அவர்கள் ஒதுங்கியிருக்கலாம்.

உங்களுக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது?
*வாசகர், பர்கூர்*

மாங்காயால் வந்தது. சந்தூர்ப் பக்கம் எங்கள் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் தோப்பு. அறுப்பு நாட்களில் மாமா மரத்தின் மேல் இருந்து எறிவார், நான் கீழே பிடிப்பேன். பெங்களூராக் காய் அடிபட்டாலும் கூழ்த் தொழிற்சாலைக்குப் போய்விடும். செந்தூரா அப்படி இல்லை. தரையில் விழுந்தால் இரண்டு நாளில் கறுத்துவிடும், வியாபாரி ஒதுக்கிவிடுவார். விறைப்பாகக் கையை நீட்டிப் பிடித்தாலும் காய் அடிபடும். காம்பு முறிந்த இடத்துப் பால் தெறித்து என் கன்னத்தில் புண்ணாகும். ஆகவே காய் கைக்கு வரும்போதே கையைப் பின்னால் வாங்கி, மார்போடு சேர்த்துக்கொள்ளப் பழகினேன். பின்னாளில் பயிற்சியாளர்கள் இதையே எனக்குக் கற்றுக் கொடுக்க வந்தபோது என் கைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பள்ளியில் என்னை கோலில் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. நான் மெதுவாக ஓடுவேன். ஓட முடியாதவனை கோலில் நிறுத்தும் இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றும் நம் மாவட்டப் பள்ளிகளில் அதுதான் நடக்கிறது. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வாசலை ஒருவன் காக்க வேண்டும். துள்ளத் தெரிந்த, பேசத் தெரிந்த, பயப்படாத பிள்ளையை அங்கே நிறுத்துங்கள்.

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். கோல்கீப்பர் ஆக முடியுமா?
*கல்லூரி மாணவர், ஊத்தங்கரை*

உயர்மட்டத் தொழில்முறை அணிகளில் கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன். உயரப் பந்துகளில் கை எட்டாது. கல்லூரி, மாவட்ட அளவில் தாராளமாக ஆடலாம். பந்தும் கோலின் நடுப்புள்ளியும் ஒரு கோடு என்றால், அந்தக் கோட்டின் மேல் நின்று இரண்டடி முன்னே வாருங்கள். அடிப்பவனுக்கு வாசல் சிறுத்துத் தெரியும்.

தக்காளி விலை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் ரோட்டில் கொட்டுகிறோம். மகனாவது மாதச் சம்பளத்துக்குப் போகட்டும் என்று நினைத்தால், கோல்கீப்பர் ஆவேன் என்கிறான். இதில் பிழைப்பு உண்டா?
*ஒரு விவசாயி, பாலக்கோடு*

அண்ணா, உண்டு. ஆனால் வாசல் குறுகல். ஓர் அணியில் மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள். களத்தில் நிற்பது ஒருவர். முன்கள வீரர் களைத்தால் மாற்று வீரர் இறங்குவார். கோல்கீப்பர் களைப்பதில்லை, மாற்றப்படுவதும் அரிது. நான் இரண்டு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் பயிற்சி, ஒரு நிமிடம்கூட ஆட்டம் இல்லை. அந்த இரண்டு ஆண்டில் விடாமல் இருந்ததுதான் என் தொழில் வாழ்க்கையின் கடினமான பகுதி.

மாதச் சம்பளம் எனக்கு வந்ததும் கால்பந்தால்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலை கிடைத்தது. காலையில் பயிற்சி, பிற்பகலில் அலுவலகம். கைவிரலில் கட்டோடு கோப்பு எழுதியிருக்கிறேன். இன்று தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ராணுவம், ரயில்வே அணிகளும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேர்ந்தால் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடச் சொல்லாதீர்கள். ஒதுக்கீட்டு வேலைக்கும் சான்றிதழ் வேண்டும்.

ஒன்று மட்டும் ஆறுதல். இந்த இடத்தில் வயது சீக்கிரம் துரத்தாது. இத்தாலியின் டினோ சோஃப் 1982இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது அவருக்கு நாற்பது வயது. எகிப்தின் எஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் நாற்பத்தைந்து வயதில் ஆடி ஒரு பெனால்டியையும் தடுத்தார்.

பெனால்டியில் எந்தப் பக்கம் பாய்வது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?
*வாசகர், ஓசூர்*

பதினோரு மீட்டர் தூரம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். பந்தைப் பார்த்த பிறகு பாய்ந்தால் பெரும்பாலும் தாமதம். நான் அடிப்பவரின் ஊன்று காலைப் பார்ப்பேன். அந்தக் காலின் விரல்கள் திரும்பும் பக்கமே பல நேரம் பந்தும் போகும். இடுப்பையும் பார்ப்பேன். முகத்தைப் பார்ப்பதே இல்லை, முகம் ஏமாற்றும்.

2007இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 29 பந்துகள் நடுவில் வந்தன. கோல்கீப்பர்கள் நடுவில் நின்றதோ நூற்றுக்கு ஆறு முறைதான். நின்றபடி கோல் வாங்கினால் "அசையவே இல்லையே" என்று ஊர் பேசும் என்ற பயம்தான் எங்களைப் பாய வைக்கிறது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் மாணவர்களுக்கு நிற்கவும் சொல்லிக் கொடுக்கிறேன்.

2023 ஜூலை 4 அன்று நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் பெங்களூரு போனேன். ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் குவைத்தோடு இந்தியா ஆடிய தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். பெனால்டி வரை போன அந்த ஆட்டத்தில், குவைத் அணியின் கடைசிப் பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். என் பக்கத்தில் இருந்த பையன் அழுதுவிட்டான். நானும்தான்.

அந்தக் காலத்து கோல்கீப்பர்களில் யார் பெரியவர்?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், தர்மபுரி*

ஐயா, உலகம் சோவியத் யூனியனின் லெவ் யாஷின் என்று சொல்லும். பாலன் டோர் என்னும் தங்கப் பந்து விருதை 1963இல் வாங்கியவர். அந்த விருதை வாங்கிய கோல்கீப்பர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கோட்டில் நின்று காத்திருக்காமல் வெளியே வந்து பந்தை எடுத்ததும், தடுப்பாட்டக்காரர்களைக் கத்தி நகர்த்தியதும் அவருடைய வழி.

என் மனதில் அவருக்குப் பக்கத்தில் நம் இந்திய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நிற்கிறார். ஹைதராபாத்தில் 1935இல் பிறந்தவர். 1953இல் ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் முன்கள வீரராக ஆடியவர் பிறகு கோலுக்கு வந்தார். அந்த அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்தில் கோலில் நின்றவர் அவர். 1967இல் அர்ஜுனா விருது. என் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் தெரியவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்பாஸ் விதி வந்தபோது நீங்கள் ஆடினீர்களா?
*வாசகர், காரிமங்கலம்*

ஆடினேன். 1992இல் வந்தது. எனக்கு இருபது வயது. நம் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்றார்கள். அதுவரை என் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஆறு மாதம் சுவரில் பந்தை அடித்து இடது காலைத் தேற்றினேன். 2025இலிருந்து இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது: பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர்.

பெண்களும் இதில் வர முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
*எட்டாம் வகுப்பு மாணவி, தேன்கனிக்கோட்டை*

வா, பாப்பா. சென்னையில் பிறந்த அதிதி சௌகான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன இடத்தில் 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியின் கோலில் நின்றார். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. இந்தப் பக்கத்தை வீட்டில் காட்டு. என் பயிற்சிக்கு இப்போது மூன்று சிறுமிகள் வருகிறார்கள். உயரப் பந்துக்கு வெளியே வரும் துணிச்சல் அவர்களில் ஒருத்திக்கு இருப்பதுபோல் எந்தப் பையனுக்கும் இல்லை.

மகன் தினமும் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் உரிந்து வருகிறான். பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், அரூர்*

அம்மா, பயம் நியாயமானதுதான். என் வலது கைச் சுண்டுவிரல் இன்றும் நேராக மடங்காது. இங்கிலாந்தில் ஆடிய பீட்டர் செக்கின் மண்டையோடு 2006இல் ஒரு மோதலில் உடைந்தது. அதற்குப் பிறகு தலைக்கவசம் அணிந்தே ஆடினார். தலையில் அடிபட்டால் அன்று விளையாட்டு முடிந்தது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோல் உரிவது வேறு விஷயம். புண்ணைச் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி மண்ணை எடுத்துவிடுங்கள். இடுப்பில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை கடையில் கிடைக்கும்; கிடைக்காவிட்டால் பழைய போர்வைத் துண்டை உள்ளே வைத்துத் தைக்கலாம், எனக்கு என் அம்மா அப்படித்தான் தைத்துக் கொடுத்தார். கோலுக்கு முன்னால் இரண்டு கம்பத்துக்கும் இடையே அரை அடி ஆழம் மண்ணைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, ஆற்று மணல் கலந்து போடச் சொல்லி பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமைக் காலை வேலை. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். பாயும் பயிற்சியை அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டும்.